மேலே வராதே

நீந்துவதற்கு இருப்பதிலேயே மோசமான இடம் தண்ணீரின் மேல்மட்டம்தான். மூச்சு விட்டாக வேண்டும் என்பதால் நாம் அங்கே நீந்துகிறோம், அதைத் தவிர வேறு நல்ல காரணம் எதுவும் கிடையாது. ஓர் ஆள் ஆழம்கூட வேண்டாம், இடுப்பளவு கீழே போனாலே அதே உடம்பு, அதே உழைப்பு, ஆனால் தண்ணீர் பிடித்து இழுப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கப்பல் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த பிறகுதான் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பகலில் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் வேலை, மாலையில் மகளை நீச்சல் பயிற்சிக்குக் கூட்டிப்போய்விட்டு குளத்தங்கரை பெஞ்சில் காத்திருக்கும் வேலை. பயிற்சியாளர் அந்தப் பிள்ளைகளிடம் கத்துவதில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: சுவரை உதைத்துவிட்டு உடனே மேலே வராதே, கீழேயே இரு, டால்ஃபின் மாதிரி உதை. கரையில் உட்கார்ந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கீழேயே போகிற பிள்ளைக்கு மேலே தண்ணீர் சற்றே உப்பி, வழவழப்பான ஒரு மேடு மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டு மேலே வந்த பிள்ளையின் தலைக்கு முன்னால் ஓர் அலை எழும்பும், இரண்டு பக்கமும் அது விரிந்து கயிற்று மிதவைகளைத் தூக்கிப் போடும். அந்த மிதவைகள் ஆடுகிற ஆட்டத்துக்கான சக்தி எங்கிருந்து வந்தது? பிள்ளையின் தோளிலிருந்துதான். வீணாய்ப் போன உழைப்பு முழுவதும் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீருக்குள் போகும் எந்த உடம்புக்கும் இரண்டு வகை இழுவை உண்டு: தோலை உரசிக்கொண்டு போகும் உராய்வு, உடம்பின் வடிவத்தால் பின்னால் உண்டாகும் சுழல்கள். மேல்மட்டத்துக்கு வந்தால் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது, அலையிழுவை. முன்னால் அழுத்தம் கூடும்போது ஆழத்தில் என்றால் தண்ணீர் பக்கவாட்டில் விலகிப்போகும், மேல்மட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லாததால் மேலே எழும்பிவிடுகிறது. எழும்பிய தண்ணீர் அலையாகி ஓடிவிடும், போட்ட சக்தியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அலை நம்மோடு சேர்ந்து ஓட வேண்டும், அதனால் அதன் நீளத்தை நம் வேகமே முடிவு செய்கிறது. நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகத்தை எடுத்து, அதை இருமடியாக்கி, 0.64ஆல் பெருக்கினால் அலைநீளம் வந்துவிடும். நல்ல நீச்சல்காரர் நொடிக்கு 2 மீட்டர் போகிறார் என்றால் அவர் கிளப்பும் அலையின் நீளம் சுமார் 2.56 மீட்டர். கையை முன்னால் நீட்டிய உயரமான மனிதரின் நீளமும் ஏறக்குறைய அதுதான்! அதாவது விரல் நுனியில் ஒரு முகடு, கால் பக்கம் அடுத்த முகடு, இடையில் பள்ளத்தில் அவர் கிடக்கிறார். இன்னும் வேகமாகப் போக நினைத்தால் அலை நீண்டுகொண்டே போகும், கால் பள்ளத்துக்குள் இறங்கும், தானே போட்ட மேட்டில் தானே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், மேம்பாலத்தில் சைக்கிள் மிதிப்பது போல, ஆனால் அந்தப் பாலம் முடிவதே இல்லை.

கப்பல்காரர்களுக்கு இது பழைய பாடம். வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களில் டார்க்கீ ஊரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, சின்னச் சின்னக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து இதை வகுத்தார். அவர் பெயரில்தான் ஃபுரூட் எண்: வேகத்தை, புவியீர்ப்பையும் உடம்பின் நீளத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அது 0.4ஐத் தொடும்போது அலையும் உடம்பும் ஒரே நீளம், 0.5ஐ ஒட்டி அலையிழுவை உச்சம். வாத்துக்கும் இதே சட்டம்தான். நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாவும் 1970இல் காட்டுவாத்துகளை ஓடும் தண்ணீரில் நீந்தவிட்டு அளந்தார்கள். எவ்வளவு முயன்றாலும் நொடிக்கு 0.7 மீட்டருக்கு மேல் அவற்றால் போக முடியவில்லை. வாத்தின் நீர்மட்ட நீளம் 33 சென்டிமீட்டர், கணக்கும் அதே 0.7ஐத்தான் சொல்கிறது.

சரி, எவ்வளவு கீழே போனால் தப்பிக்கலாம்? ஹைன்ரிக் ஹெர்ட்டல் என்ற ஜெர்மானியர் 1960களில் எழுதியது இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. உடம்பின் விட்டத்தில் பாதி ஆழத்தில், அதாவது முதுகு தண்ணீர் மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் போகும்போதுதான் இழுவை மோசம், ஆழத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு வரை. விட்டத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்துக்குப் போய்விட்டால் அலையிழுவை இல்லாமலே போய்விடுகிறது. மனித உருவப் பொம்மையைத் தொட்டியில் இழுத்துப் பார்த்த நியூசிலாந்து ஆய்வாளர்களும் (2006) கிட்டத்தட்ட இதையே கண்டார்கள்: நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மார்புத் தடிமனைப் போல் 2.8 மடங்கு கீழே போக வேண்டும், மேலேயே இருந்தால் மொத்த இழுவை இரண்டு மடங்குக்கும் மேல்.

நீச்சல் போட்டிக்காரர்கள் கணக்கு எதுவும் போடாமலே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேவிட் பெர்காஃப் என்ற அமெரிக்கர் மல்லாந்த நீச்சலில் குளத்தின் பாதிக்கும் மேல் தண்ணீருக்கு அடியிலேயே போய் தகுதிச் சுற்றில் உலக சாதனை படைத்தார். இறுதிப் போட்டியில் அதே உத்தியால் ஜப்பானின் டாய்ச்சி சுசுகி அவரைத் தோற்கடித்தார். நீச்சல் போட்டியில் நீந்துகிறவர்களே தெரியவில்லை என்றால் பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள்? சர்வதேச நீச்சல் சங்கம் தடை போட்டது. இப்போது சுவரிலிருந்து 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஓட்டப்பந்தயத்தில் வேகமாக ஓடுவதற்கு இப்படி வரம்பு உண்டா? என்னைக் கேட்டால் அந்த வரம்பு இல்லாத போட்டி ஒன்றையும் தனியாக வைக்கலாம், மூச்சடக்கி மயங்கிவிழும் ஆபத்து உண்டு என்பது மட்டும்தான் நியாயமான எதிர்வாதம்.

எங்கள் ஊர்ப் பையன் சாட் லெ கிளோ (டர்பனில் பிறந்தவர், 2012 லண்டனில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை 0.05 நொடியில் வென்றவர்) 25 மீட்டர் குளத்தில் ஏன் அவ்வளவு ஆதிக்கம் செலுத்தினார் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சின்னக் குளத்தில் 100 மீட்டர் என்றால் நான்கு நீளம், ஒவ்வொன்றிலும் 15 மீட்டர் அடியில் போகலாம், ஆக 60 மீட்டர் மீனாக, 40 மீட்டர்தான் மனிதனாக. அடியில் உதைப்பதில் அவர் கெட்டிக்காரர். 2016இல் அந்தத் தூரத்தில் உலக சாதனையும் அவருடையதாக இருந்தது.

இனி உதைப்பதைப் பார்ப்போம். மீனின் வால் தண்ணீரைத் துடுப்பு மாதிரி பின்னால் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. வால் ஒரு பக்கம் வீசி முடிக்கும்போது அதன் நுனியிலிருந்து ஒரு சுழல் கழன்று விழுகிறது, மறுபக்கம் வீசும்போது எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சுழல். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் தண்ணீர் பின்னோக்கிப் பீய்ச்சப்படுகிறது, அதன் எதிர்விசையில் மீன் முன்னால் போகிறது. ஆற்றில் நட்ட கம்பத்துக்குப் பின்னாலும் இப்படி இரண்டு வரிசைச் சுழல் உண்டு, ஆனால் அங்கே சுற்றும் திசை தலைகீழ், அதனால் அது பிடித்து இழுக்கும் வரிசை. மீன் அந்தக் கம்பத்துச் சுழல்களையும் பயன்படுத்திக்கொள்ளும். எவ்வளவு தூரத்துக்கு என்றால், எம்ஐடியிலும் ஹார்வர்டிலும் இருந்த ஆய்வாளர்கள் 2006இல் செத்த டிரவுட் மீன் ஒன்றை அப்படிப்பட்ட சுழல்களுக்குப் பின்னால் விட்டார்கள், உயிரில்லாத உடம்பு நெளிந்து நெளிந்து நீரோட்டத்தை எதிர்த்து முன்னேறியது!

வால் எத்தனை முறை அடிக்கிறது, எவ்வளவு அகலம் அடிக்கிறது, எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தால் ஸ்ட்ரூஹால் எண். நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பதை அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். சுறா, டால்ஃபின், சூரை மட்டுமல்ல, பறக்கும் பறவைகள்கூட பெரும்பாலும் 0.2க்கும் 0.4க்கும் நடுவில் வந்து நிற்கின்றன. மனிதர் டால்ஃபின் மாதிரி உதைக்கும்போது அது 0.8ஐ ஒட்டிப் போய்விடுகிறது. முழங்காலும் கணுக்காலும் வால் ஆகிவிடுமா என்ன? ஆடுவது அதிகம், போவது குறைவு. அப்படியிருந்தும் மேலே நீந்துவதைவிட அதுதான் லாபம் என்றால், மேல்மட்டம் எவ்வளவு கொள்ளையடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலுக்கும் மேல்மட்டத்துக்கும் உள்ள உறவுதான் எனக்குப் பிடித்த பகுதி. மெதுவாக ஆட்டினால் நீர்மட்டம் கெட்டியான பலகை மாதிரி நடந்துகொள்கிறது, புவியீர்ப்பு அதைத் தட்டையாகவே வைத்திருக்கிறது, வால் அதை ஒட்டி வேலை செய்தால் கொஞ்சம் உதவிகூடக் கிடைக்கும். வேகம் கூடினால் கதை மாறிவிடும். தண்ணீருக்கு ஓடி ஒளிய மேலே இடம் இருக்கிறது, வால் தள்ளும்போது மட்டம் விட்டுக்கொடுத்துவிடுகிறது, பிடிமானம் குறைகிறது. இன்னும் மேலே வந்தால் வாலின் அழுத்தம் குறைந்த பக்கத்துக்குக் காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். காற்றைப் பிடித்த வாலால் ஒன்றும் தள்ள முடியாது, பாரமில்லாமல் வந்த கப்பலின் உந்துவிசிறி பாதி வெளியே தெரிய வெறுமனே நுரை கிளப்புவதை எங்கள் துறைமுகத்தில் அடிக்கடி பார்க்கலாம், அதே கோளாறுதான். மீன் வாலைப் பக்கவாட்டில் வீசுவதால் ஓரளவு தப்பிக்கிறது. டால்ஃபினுக்கு மேலும் கீழுமாக வீச்சு, உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலம், அதனால் அதற்கு ஆழம் அதிகம் தேவை. காற்று வராவிட்டாலும், வெகு வேகத்தில் வாலைச் சுற்றித் தண்ணீரே குளிர்ந்த நிலையில் கொதித்துக் குமிழியாகும், அந்தக் குமிழிகள் நசுங்கி உடையும்போது வலிக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே இந்தத் தொல்லையும் மேல்மட்டத்தில்தான் முதலில் வரும். நொடிக்கு 10 முதல் 15 மீட்டர் என்பதே டால்ஃபின்களுக்கு இதனால் வரும் எல்லை என்று 2008இல் இயோசிலெவ்ஸ்கி, வைஸ் என்ற இருவர் கணக்கிட்டார்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பக்கத்துவீட்டுத் தாத்தா கரைவலைக் குடும்பத்தில் வந்தவர். 1860இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்து இறங்கிய காலத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டவர்களில் சிலர் டர்பன் குடாவில் சால்ஸ்பரி தீவில் குடியேறி மீன்பிடித்தார்கள், பின்னால் அந்தத் தீவு கடற்படைத் தளமானது, இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து மிச்சமிருந்தவர்களையும் கடலைவிட்டு இங்கே உள்ளே தள்ளியது. தாத்தா பேசுவது நான்கு தலைமுறை பழைய தமிழ், நடுவில் ஆங்கிலமும் ஜூலுவும் வரும். ஜூன், ஜூலையில் சார்டின் ஓட்டம் தொடங்கினால் அவரை வீட்டில் பிடிக்க முடியாது. குளிர்ந்த நீரோட்டத்தோடு நம்ம ஊர்ச் சாளையின் உறவுக்கார மீன் கோடிக்கணக்கில் வடக்கே ஏறிவரும், டால்ஃபின், சுறா, கானட் பறவை எல்லாம் பின்னாலேயே வரும், குளிக்கிறவர்களைச் சுறாவிடமிருந்து காக்க வலை போடும் சுறாவலை வாரியம் முன்கூட்டியே அந்த வலைகளை எடுத்துவிடும், ஸ்காட்பர்க் பக்கம் கரையில் ஆட்கள் ஓடுவார்கள்.

அவரிடம் இந்த மேல்மட்டக் கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அப்போ சார்டின் ஏன் மேலே வருது? அதுக்குத் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்விதான். டால்ஃபின்கள் கீழேயிருந்து துரத்துகின்றன, மேலே தப்பிக்க வழியில்லை என்பது ஒரு பாதி. மறுபாதி அளவில் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் மீனுக்கு அலையிழுவையின் உச்சம் நொடிக்கு 0.7 மீட்டரில் வந்துவிடும். உயிர் பயத்தில் அது அதைத் தாண்டித்தான் பாயும், தாண்டிவிட்டால் அலைத் தொல்லை குறைந்துகொண்டே போகும். திமிங்கிலத்துக்கு நேர்மாறு: 14 மீட்டர் கூன்முதுகுத் திமிங்கிலம் டர்பனைக் கடந்து நொடிக்கு ஒன்றரை மீட்டர் போல நிதானமாகப் போகிறது, ஃபுரூட் எண் 0.13, அலை என்று சொல்லும்படி ஒன்றுமே எழும்பாது. நடுவில் மாட்டிக்கொண்டது டால்ஃபின்தான். இரண்டரை மீட்டர் உடம்புக்கு உச்சம் நொடிக்கு 2.5 மீட்டரில், அது வழக்கமாக உலா வரும் வேகமே அதுதான். போதாததற்கு மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும்.

அதனால்தான் அதன் வித்தைகள். நிதானமாக இருக்கும்போது இரண்டு மூச்சுக்கு நடுவில் கீழே போய்விடும். அவசரம் என்றால் துள்ளும். டேவிட் ஆவும் டேனியல் வைஸும் 1980இல் எழுதியபடி, ஒரு வேகத்துக்கு மேல் மேல்மட்டத்தை ஒட்டி நீந்துவதைவிட காற்றில் பாய்ந்து போவதற்கே செலவு குறைவு. நொடிக்கு 6 மீட்டரில் 45 பாகைச் சாய்வில் கிளம்பினால் மூன்றரை மீட்டருக்கு மேல் இழுவையே இல்லாமல் போகலாம், போகிற வழியில் மூச்சும் ஆயிற்று. மூன்றாவது வித்தை ஓசிப் பயணம், கப்பலின் முன்னலையிலோ உடைகிற கடலலையிலோ ஏறிக்கொள்வது.

இந்த ஓசிப் பயணம் ஒரு பெரிய அறிவியல் குழப்பத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் கிரே 1936இல் எழுதினார்: இந்தியப் பெருங்கடலில் ஒரு டால்ஃபின் கப்பலின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்தை 7 நொடியில் கடந்தது, நொடிக்கு சுமார் 10 மீட்டர், அந்த வேகத்துக்குத் தேவையான சக்தி அதன் தசையில் இருப்பதைப் போல் ஏழு மடங்கு, ஆகவே அதன் தோலில் ஏதோ மாயம் இருக்கிறது. இந்த மாயத்தைத் தேடி அரை நூற்றாண்டு போனது. மாக்ஸ் கிராமர் டால்ஃபின் தோல் மாதிரி ரப்பர் உறை செய்து பார்த்தார், மற்றவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. கடைசியில் ஃபிராங்க் ஃபிஷ் (ஆமாம், மீன் ஆய்வாளரின் பெயரே மீன்) முதலானவர்கள் தோலை விட்டுவிட்டு வாலைப் பார்த்தார்கள். டால்ஃபினைக் குமிழித் திரைக்கு நடுவே நீந்தவிட்டு, குமிழிகள் ஓடும் வேகத்திலிருந்து வால் கொடுக்கும் விசையை அளந்து 2014இல் வெளியிட்டார்கள். தசை தாராளமாகப் போதும். கிரே எடுத்துக்கொண்டது நெடுநேரம் உழைக்கும் தசையின் கணக்கு, டால்ஃபின் ஓடியதோ 7 நொடி. அதுவும் கப்பலுக்குப் பக்கத்தில், கப்பல் கிளப்பிய அலைக்குள்! இன்றும் டால்ஃபின் தோல் ரகசியம் என்று வாட்ஸப்பில் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் எல்லோரையும்விடக் கெட்டிக்காரத்தனம் கோலா மீனுடையது. நாகப்பட்டினம் பக்கம் பறவைக்கோலா என்று சொல்வோமே, அதன் இனம் இங்கே சற்று வெளியே போனால் நிறைய. கையில் எடுத்துப் பார்த்தால் வாலின் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடத் தெளிவாக நீளம். நொடிக்கு 10 மீட்டர் அளவில் தண்ணீரைக் கிழித்து வெளியே வரும், சிறகுகளை விரிக்கும், ஆனால் உடனே பறந்துவிடாது. உடம்பு முழுவதும் காற்றில் இருக்க, அந்த நீண்ட கீழ்வால் மட்டும் தண்ணீருக்குள் நொடிக்கு 50 முறைக்கு மேல் அடிக்கும். இழுவை காற்றின் கணக்கில், உந்தல் தண்ணீரின் கணக்கில், காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தியானது தண்ணீர். மேல்மட்டத்தின் இரண்டு பக்கத்து நல்லதையும் எடுத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிடுகிறது. வேகம் இன்னும் ஏறிய பிறகுதான் சறுக்கிப் பறக்கும். வேகம் குறைந்தால் வாலை மட்டும் மறுபடி நனைத்து இன்னொரு சுற்று. ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் 2008இல் படம்பிடித்த ஒரு மீன் 45 நொடி பறந்தது.

தாத்தாவின் பேரன் இப்போது அதையே செய்கிறான், தெரியாமல். வெட்சஸ் பாலத்துப் பக்கம் அலையில்லாத இடத்தில் சின்னப் பலகை ஒன்றில் நிற்கிறான், பலகைக்கு அடியில் கை நீளத்துக்கு ஒரு கம்பு, அதன் நுனியில் தண்ணீருக்குள் ஒரு இறக்கை. துடுப்பு கிடையாது, பாய் கிடையாது, மோட்டார் கிடையாது. ஓடிவந்து குதித்து ஏறி முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்கிறான், இறக்கை மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது, டால்ஃபின் வால் மாதிரியே பின்னால் சுழல்களை உதிர்க்கிறது, பலகை காற்றில் மிதந்தபடி போகிறது. கரையில் நிற்கும் எங்களுக்கு அலையே தெரியாது, கம்பு கீறிய கோடு மட்டும். எல்லாம் நன்றாகத்தான் போகும், உற்சாகத்தில் ஒரு தடவை கொஞ்சம் அதிகமாக எம்பிவிடுவான், இறக்கை நீர்மட்டத்துக்கு வரும், காற்றை உறிஞ்சும், அந்த நொடியே பிடிமானம் போய்ப் பலகை தொப்பென்று விழும். நனைந்து வந்து, "அங்கிள், எவ்வளவு கீழே வெச்சா விழாது?" என்று கேட்டான். இறக்கையின் அகலத்தை அளந்துகொண்டு வா, சொல்கிறேன் என்றேன்.